ஆமிஷ் மக்களும் அவர்தம் ஆண்டு வட்டமும்

ஐக்கிய அமெரிக்காவின் கீழ்த்திசையிலுள்ள பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்ரர் என்னும் மாவட்டம் ஒன்றுண்டு. ஆங்குள்ள பெருந்தெருக்களில் மோட்டார் வண்டிகள் விரைந்தோட, அவற்றின் ஓரமாகச் சாம்பல் நிறக் கூண்டு பூண்ட குதிரை வண்டிகள் அமைதியாகச் செல்லும். வண்டியோட்டுபவர் அகன்ற விளிம்புடைய தொப்பியும் மீசையற்ற தாடியும் உடையவர். உடன் செல்லும் பெண்கள் மெல்லிய துணியாலான குல்லாயால் தலையை மூடியிருப்பர். இவர்களுடைய வீடுகளுக்குத் தெருவிலிருந்து மின்கம்பிகள் செல்வதில்லை; வயல்களை உழுவதற்கு உழவு இயந்திரங்கள் இறங்குவதில்லை. ஆமிஷ் என்னும் பெயரால் வழங்கும் கிறித்தவ சமயப் பிரிவினர் இவர். 20ஆம் நூற்றாண்டு தொடங்கியபோது ஏறக்குறைய ஐயாயிரம் பேராக இருந்த இச்சமூகத்தினர் இன்று முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களிலும் கனடாவிலுமாக ஏறத்தாழ நான்கு இலட்சம் பேராகப் பெருகியுள்ளனர்.

இவர்களைப் பழைமையின் எச்சம் எனக் கருதுவோர் உளர். எச்சமாயின் அது காலப்போக்கில் தேய்ந்து மறைதல் வேண்டும். இவர்களோ ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கொருமுறை இருமடங்காகின்றனர். உலகின் மிக விரைந்த நாகரிகத்தின் நடுவே, அதன் பெருவசதிகள் பலவற்றை விலக்கி வாழும் ஒரு சிறு கூட்டத்தைத் தாங்கி நிற்பது யாது? இவ்வினாவுக்கு விடை காண விழைவோர் அவர்தம் வரலாற்றையும், இளவேனில் முதற் பனிக்காலம் வரை நிகழும் அவர்தம் ஆண்டு வட்டத்தையும் ஒருசேர நோக்குதல் வேண்டும்.

தோற்றம்

1517ஆம் ஆண்டில் மாட்டின் லூதர் யேர்மனியில் தொடக்கிய சமயச் சீர்திருத்தம் சில ஆண்டுகளுள் சுவிற்சர்லாந்துக்கும் பரவியது. சூரிச் நகரில் உல்றிச் சுவிங்கிளி என்பார் அதற்குத் தலைமை தாங்கினார். அவருடைய இளம் மாணாக்கர் சிலர், சீர்திருத்தம் நகராட்சியின் கட்டளைக்குக் காத்திருத்தலாகாது என வாதிட்டனர். பச்சிளங் குழந்தைக்கு அளிக்கும் ஞானஸ்நானம் பொருளற்றது. நன்மை தீமை அறிந்த ஒருவன் தானே தெளிந்து ஏற்பதே மெய்யான ஞானஸ்நானம் என்பது அவர்தம் கொள்கை. குழந்தைகள் யாவும் பிறந்து எட்டு நாட்களுள் ஞானஸ்நானம் பெறல் வேண்டும் என நகர மன்றம் ஆணையிட்டது. ஆணை பிறந்த சில நாட்களில், 1525ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள், அவர்கள் ஒரு வீட்டிற் கூடினர். கொன்றாட் கிறீபல் என்பவர் யோர்ஜ் புளவுறொக் என்பவருக்கு ஞானஸ்நானம் அளித்தார். மறு ஞானஸ்நானத்தார் என்னும் இயக்கம் அன்றே பிறந்தது.

இக்கொள்கை இன்று எளியதாகத் தோன்றலாம். அக்காலத்திலோ ஊர்க் குடியுரிமையும் திருச்சபை உறுப்புரிமையும் ஒன்றாகவே இருந்தன. குழந்தை ஞானஸ்நானத்தை மறுப்பவன் அரசையே மறுப்பவனாகக் கருதப்பட்டான். வாளேந்த மாட்டோம், ஆணையிட்டுச் சத்தியஞ் செய்ய மாட்டோம் என்ற அவர்தம் உறுதி ஆட்சியாளரின் ஐயத்தை மிகுவித்தது. 1527 சனவரி 5இல் அவர்களுள் ஒருவரான பீலிக்ஸ் மான்ஸ் சூரிச் நகரின் லிம்மற் ஆற்றில் அமிழ்த்திக் கொல்லப்பட்டார். நீரால் இரண்டாம் முறை முழுக்குப் பெற்றவனுக்கு நீராலேயே தண்டனை என்பது ஆட்சியாளரின் கருத்துப் போலும். அடுத்த நூறாண்டுகளில் எரியுண்டும் அமிழ்த்தப்பட்டும் தலை வெட்டுண்டும் மாண்டோர் ஆயிரக்கணக்கினர்.

அவர்களுள் ஒருவருடைய வரலாறு இன்றும் ஆமிஷ் இல்லங்களில் சிறுவருக்குச் சொல்லப்படுகின்றது. ஒல்லாந்து நாட்டைச் சேர்ந்த டேர்க் வில்லெம்ஸ் என்பவர் 1569இல் சிறையினின்றும் தப்பி, உறைந்த நீர்நிலையின்மீது ஓடினார். அவரைத் துரத்தி வந்தவன் பனித்தளம் உடைந்து நீருள் வீழ்ந்தான். டேர்க் திரும்பி வந்து அவனைக் கைகொடுத்துக் கரையேற்றினார். அதனாற் பிடிபட்டு, அவ்வாண்டு மே 16ஆம் நாள் தீக்கிரையாக்கப்பட்டார். 1660இல் ஒல்லாந்து மொழியில் வெளிவந்த தியாகிகளின் கண்ணாடி என்னும் பெருநூல் இத்தகைய வரலாறுகளின் தொகுப்பாகும். வேதாகமத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் அடுத்து ஆமிஷ் வீடுகளிற் போற்றப்படும் நூல் இதுவே. வழிபாட்டிற் பாடப்படும் அவுஸ்புண்ட் என்னும் பாட்டுப் புத்தகத்தின் மூலப் பகுதியும் பாசவு நகரக் கோட்டையிற் சிறையிருந்தோர் இயற்றிய பாடல்களே. 1564இல் அச்சேறிய அந்நூல் இற்றைவரை வழக்கொழியாது நிலவுகின்றது. அதனுள் இசைக்குறிகள் இல்லை. மெட்டுக்கள் செவிவழியாகவே வந்துள்ளன.

சுவிற்சர்லாந்திலும் அல்சேசு பகுதியிலும் எஞ்சியிருந்த மறு ஞானஸ்நானத்தாரிடையே 1693இல் ஒரு பிளவு நிகழ்ந்தது. யாக்கோப்பு அம்மான் என்னும் மூப்பர், சபையின் ஒழுங்கை மீறி விலக்கப்பட்டவரோடு உடனுண்ணலும் கூடாது என வற்புறுத்தினார். திருவிருந்து ஆண்டுக்கு இருமுறை நிகழ வேண்டும் என்றும், அதனோடு ஒருவர் பாதத்தை ஒருவர் கழுவும் சடங்கும் நிகழ வேண்டும் என்றும் அவர் கூறினார். ஆன்சு றைஸ்ற் என்னும் மூப்பர் இதனை ஏற்றிலர். அம்மானைப் பின்பற்றியோர் அவர் பெயரால் ஆமிஷ் எனப்பட்டனர்.

நகரினின்றும் நிலத்துக்கு

ஈண்டு நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. இவ்வியக்கத்தின் முதல்வர்கள் உழவர் அல்லர். கிறீபல் பாசல், வியன்னா, பாரிசு ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகங்களிற் பயின்றவர். மான்ஸ் இலத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் கற்ற அறிஞர். கொடுந்தண்டனைகள் அக்கற்றோர் தலைமுறையைச் சில ஆண்டுகளுள் அழித்துவிட்டன. எஞ்சியோர் நகரங்களை விட்டு மலைப்புறங்களுக்கும் ஒதுக்குப்புறமான பள்ளத்தாக்குகளுக்கும் சென்று கமக்காரராயினர்.

பிறர் விரும்பாத நிலமே அவர்களுக்குக் குத்தகையாகக் கிடைத்தது. அந்நிலத்தில் விளைவைப் பெருக்கினாலன்றி அங்கு நிலைத்திருத்தல் அரிது. ஆகவே, கால்நடைகளைக் கொட்டிலிற் கட்டி வளர்த்து எருவைச் சேர்த்தல், தீவனப்புல் விதைத்து மண்ணை வளப்படுத்தல், புற்றரைகளுக்கு நீர் பாய்ச்சுதல் முதலிய முறைகளில் அவர்கள் தேர்ச்சி பெற்றனர். நிலக்கிழார் பலர் அவர்தம் சமயத்தை வெறுத்தபோதும் உழைப்பை விரும்பி இடமளித்தனர். இன்று பழைமையாளர் என அறியப்படும் இம்மக்கள் 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய வேளாண்மையில் முன்னோடிகளாக இருந்தனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1712இல் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி அல்சேசிலிருந்து மறு ஞானஸ்நானத்தாரை வெளியேற்றுமாறு கட்டளையிட்டான். அட்லாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால், வில்லியம் பென் என்னும் குவேக்கர் சமயத்தவர் 1681இல் ஆங்கில மன்னனிடமிருந்து பெற்ற பென்சில்வேனியாவிற் சமயச் சுதந்திரம் வழங்கப்பட்டிருந்தது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆமிஷ் குடும்பங்கள் அங்கே செல்லத் தொடங்கின. 1737இல் பிலடெல்பியாவை அடைந்த சாமிங் நான்சி என்னும் கப்பலில் அவர்கள் பலர் வந்திறங்கினர்.

புதிய நாட்டிலும் சோதனை காத்திருந்தது. 1757இல், ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்குமிடையே போர் நிகழ்ந்த காலத்தில், நோத்கில் என்னும் ஆமிஷ் குடியேற்றத்திலிருந்த யாக்கோப்பு ஒக்ஸ்ரெற்லர் என்பவரின் வீட்டைப் பூர்வ குடிகள் இரவிற் சூழ்ந்துகொண்டனர். அவருடைய மைந்தர் வேட்டைத் துப்பாக்கிகளை எடுத்தபோது, மனிதரைச் சுடுதல் தகாது எனத் தந்தை தடுத்தார். அவருடைய மனைவியும் மக்கள் இருவரும் கொல்லப்பட்டனர். அவரும் மற்றும் இரு மைந்தரும் சிறைபிடிக்கப்பட்டனர். கொள்கை இவ்வளவு விலையையும் கேட்கும் என்பதை அச்சமூகம் மறந்ததில்லை. ஐரோப்பாவில் எஞ்சியிருந்தோரோ காலப்போக்கில் மெனனைற் சபைகளோடு கலந்துவிட்டனர். அங்கிருந்த கடைசி ஆமிஷ் சபை 1937இல் அவ்வாறு கலந்தது.

ஒழுங்கு

ஆமிஷ் மக்களுக்குக் கோயிற் கட்டடம் இல்லை. இருபத்தைந்து முதல் நாற்பது வரையான குடும்பங்கள் சேர்ந்தது ஒரு சபை வட்டம். இரு கிழமைகளுக்கொருமுறை ஞாயிற்றுக்கிழமையில் முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் வழிபாடு நிகழும். நீண்ட வாங்குகள் ஒரு வண்டியில் வீட்டுக்கு வீடு கொண்டு செல்லப்படும். மேற்பார்வையாளர், போதகர், உதவியாளர் ஆகியோர் சம்பளம் பெறாதவர். திருவுளச்சீட்டு முறையால் சபையாருள்ளிருந்தே தெரிவு செய்யப்படுபவர். வீட்டில் யேர்மன் மொழியின் கிளைமொழி ஒன்றையும், வழிபாட்டில் உயர் யேர்மனையும், பாடசாலையில் ஆங்கிலத்தையும் இவர்கள் வழங்குவர். தம்மவரல்லாத யாவரையும், அவர் எந்த இனத்தவராயினும், ஆங்கிலேயர் என்றே குறிப்பிடுவர்.

சபை வட்டத்தின் வாழ்வை நெறிப்படுத்துவது ஓர்ட்நுங், அதாவது ஒழுங்கு, எனப்படும். அது பெரும்பாலும் எழுதாச் சட்டம். வட்டத்துக்கு வட்டம் வேறுபடுவது. புதுமை யாவற்றையும் அது விலக்குகின்றது என எண்ணுதல் தவறு. ஒரு கருவி தன்னளவில் தீயதா என்பதன்று அவர்கள் ஆராயும் பொருள். அது வீட்டுக்குள் வந்தால் அயலாரோடு கொண்ட உறவு யாதாகும் என்பதே. 1910 அளவில் லங்காஸ்ரர் மூப்பர்கள் வீட்டினுள் தொலைபேசி வைத்தலைத் தடுத்தனர். தெருவோரத்திற் பலர் சேர்ந்து பயன்படுத்தும் தொலைபேசிக் குடில் பின்னர் அனுமதிக்கப்பட்டது. மோட்டார் வண்டியை உடைமையாக வைத்திருத்தல் ஆகாது. வேண்டும்போது வாடகைக்கு அமர்த்திச் செல்லலாம். 1920ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் உழவு இயந்திரம் வயலுக்குத் தடுக்கப்பட்டது. கொட்டிலினருகே நின்று பிற பொறிகளை இயக்குவதற்கு அது இடம்பெற்றது.

பால் பற்றிய ஒரு முடிவு இம்முறையை நன்கு விளக்கும். 1960ஆம் ஆண்டுகளின் இறுதியிற் பால் வாங்கும் கம்பனிகள், கலங்களிற் பால் ஏற்பதை விடுத்து, குளிரூட்டப்பட்ட பெருந்தொட்டிகளை வேண்டின. தொட்டியை மறுத்தால் கமத்தொழில் நலியும். ஏற்றால் மின்கம்பி வீட்டுக்கு வரும். லங்காஸ்ரர் மூப்பர்கள் நெடிது ஆராய்ந்து, டீசல் இயந்திரத்தாற் குளிரூட்டவும் மின்கலத்தாற் பாலைக் கலக்கவும் இசைந்தனர். ஆயினும், ஞாயிற்றுக்கிழமையிற் பால் எடுக்க வரலாகாது என்பதில் உறுதியாக நின்றனர். கம்பனிகளும் இணங்கின. முழுமறுப்புமில்லாது முழுவேற்புமில்லாது நடுவே வழி காணும் இப்பாங்கு அவர்தம் வரலாறெங்கும் காணப்படுவதாகும்.

ஆண்டின் வட்டம்

பனி உருகி நிலம் சேறாகும் பெப்ரவரி இறுதியிலும் மார்ச்சு மாதத்திலும் லங்காஸ்ரரில் ஏல விற்பனைகள் நடைபெறும். சேற்று விற்பனை என்பது அவற்றின் பெயர். பழைய ஏர்களும் குதிரைகளும் பெண்கள் தைத்த போர்வைகளும் ஏலத்திற் போகும். வருவாய் ஊரின் தொண்டர் தீயணைப்புப் படைக்குச் சேரும். படைக்குச் செல்ல மறுக்கும் ஆமிஷ் இளைஞர் பலர் தீயணைப்புப் படையில் அயலாரோடு தோளோடு தோள் நின்று உழைக்கின்றனர். வடபுலக் குடியேற்றங்கள் சிலவற்றில் இதே காலத்தில் மேப்பிள் மரங்களில் துளையிட்டுச் சாறெடுத்துப் பாகு காய்ச்சுவர்.

ஏப்பிரலில் உழவு தொடங்கும். லங்காஸ்ரரில் ஏரை இழுப்பவை கோவேறு கழுதைகள். பிறவிடங்களில் பருவுடற் குதிரைகள். விலங்குகளின் வலுவே கமத்தின் அளவையும் வரையறுக்கின்றது. ஒரு குடும்பத்தின் கைக்கும் அதன் விலங்குகளுக்கும் அடங்கிய நிலமே போதும் என்றிருப்பதால், ஒருவன் தன் அயலான் நிலத்தையெல்லாம் விழுங்கி வளர்தல் அங்கே அரிதாகின்றது. மே மாதத்திற் சோளம் நடுவர். பாத்திகளில் வளர்த்த புகையிலைக் கன்றுகளை மே இறுதியிலும் யூனிலும் வயலுக்கு மாற்றுவர். சிறுவரும் தாய்மாரும் முதியோரும் இவ்வேலையில் ஒருங்கு சேர்வர்.

உழவுக்கு முன்னோ உழவின் நடுவிலோ சபையின் பெருநாட்கள் வரும். இளவேனிற் திருவிருந்துக்கு இரு கிழமைகளின் முன் ஆலோசனைக் கூட்டம் ஒன்று நிகழும். ஒழுங்கோடும் அயலாரோடும் தாம் சமாதானமாக இருத்தல் உண்மையா என ஒவ்வோர் உறுப்பினரும் வினாவப்படுவர். தீராப் பகை இருப்பின் திருவிருந்தே பின்னிடப்படுதல் கூடும். திருவிருந்து நாளில் ஆடவர் ஆடவரின் பாதங்களையும் பெண்டிர் பெண்டிரின் பாதங்களையும் கழுவுவர். உழவுச் சாலில் எழுந்த எல்லைப் பிணக்கானாலும் கடன் பிணக்கானாலும் விதைப்புக் காலத்தில் தீர்ந்தே ஆகவேண்டும் என்பது இதனாற் போதரும்.

கோடையில் ஓய்வில்லை. தீவனப்புல் மூன்று நான்கு முறை வெட்டப்படும். யூலையிற் கோதுமை அறுவடையாகும். அடுக்களையிற் பெண்கள் பழங்களையும் காய்கறிகளையும் நூற்றுக்கணக்கான கண்ணாடிச் சாடிகளில் அடைத்துப் பனிக்காலத்துக்குச் சேமிப்பர். இடியினாலோ தீயினாலோ களஞ்சியம் ஒன்று அழிந்தால், ஊர் கூடித் தேரிழுத்தாற்போல, நூற்றுக்கணக்கான ஆடவர் ஒரே நாளில் மரச்சட்டங்களை நிறுத்திக் கூரையிட்டு முடிப்பர். பெண்கள் யாவருக்கும் உணவு சமைப்பர். வணிக முறைக் காப்புறுதியை இவர்கள் பெரும்பாலும் நாடுவதில்லை, அயலாரே காப்புறுதி. சபையே முதியோரைப் பேணும் என்னும் காரணத்தால், சுயதொழில் புரியும் ஆமிஷ் மக்களுக்குச் சமூகப் பாதுகாப்பு வரியிலிருந்து 1965இல் அமெரிக்க அரசு விலக்களித்தது.

ஓகஸ்டு, செப்ரெம்பர் மாதங்களிற் புகையிலை வெட்டப்பட்டு, நெடிய காற்றுவாய்கள் அமைந்த கொட்டில்களிற் தொங்கவிடப்படும். சோளத்தைத் துண்டாடிக் குதிர்களில் நிரப்புவர். ஒக்ரோபர் 11ஆம் நாளை லங்காஸ்ரர் மக்கள் உபவாச நாளாகக் கொள்வர். அதனை அடுத்து இலையுதிர்காலத் திருவிருந்து நிகழும். அதன் பின்னரே மணமக்களின் பெயர்கள் சபையில் வெளியிடப்படும். அதுகாறும் அது வீட்டாரின் இரகசியம். ஆயினும், ஒரு வீட்டுத் தோட்டத்திற் செலரிக் கீரை வழமையிலும் மிகுதியாக நடப்பட்டிருப்பின், அவ்வீட்டிற் கலியாணம் வரப்போகின்றது என அயலார் ஊகிப்பர். கலியாண விருந்துக்குச் செலரி இன்றியமையாதது.

அறுவடை ஒடுங்கிய நவெம்பரில், செவ்வாயும் வியாழனுமே மண நாட்கள். மண வீட்டில் முந்நூறு நானூறு பேர் உண்பர். மோதிரமும் பூச்செண்டும் இல்லை. சமைப்போரும் பரிமாறுவோரும் உறவினரே. சனத்தொகை பெருகியதால் நவெம்பர் நாட்கள் போதாமல், மணங்கள் இன்று பிற மாதங்களுக்கும் பரவியுள்ளன. கமத்தின் கணக்குக்குச் சபையின் கணக்கு எவ்வளவு இசைந்தது என்பதை இப்பழைய வழக்கம் காட்டும்.

பனிக்காலம் வீட்டகத்தின் காலம். ஈரப்பதத்தால் இலை இளகும் நாட்களிற் குடும்பத்தினர் நிலவறையில் அமர்ந்து புகையிலை இலைகளைத் தண்டினின்றும் பிரித்துத் தரம் பார்ப்பர். இவ்வேலை புகையிலைப் பயிர்ச்செய்கை அருகியதால் இன்று முன்போல இல்லை. பன்றி அறுத்து இறைச்சி பதப்படுத்துவர். பெண்கள் ஒரு சட்டத்தைச் சுற்றி அமர்ந்து போர்வை தைப்பர். கிறித்து பிறப்பு நாளின் மறுநாளும் விடுமுறையாகும். அது உறவினர் வீடு செல்லும் நாள். ஒகையோ மாநிலத்தில் 1890இல் தொடங்கிய த பட்ஜெற் என்னும் கிழமைப் பத்திரிகை வீடுதோறும் படிக்கப்படும். குடியேற்றந்தோறுமுள்ள எழுத்தாளர் அனுப்பும் கடிதங்களே அதன் உள்ளடக்கம். மழை, பனி, விதைப்பு, பிறப்பு, இறப்பு, யார் வீட்டுக்கு யார் வந்தார் என்பனவே அக்கடிதங்களின் பொருள்.

இவ்வாறு நோக்குமிடத்து, ஆண்டின் ஒவ்வொரு பருவமும் ஒரு தொழிலையும் ஒரு கூட்டத்தையும் ஒரு கடமையையும் உடன்கொண்டு வருதல் தெளிவாகும். தனியொருவனாக முடிக்கத்தக்க வேலை அவ்வட்டத்தில் மிகக் குறைவு. சிறுவன் ஒருவன் பன்னிரண்டு வயதிலேயே தான் இல்லாவிடின் ஒரு வேலை நின்றுவிடும் என்பதை அறிகின்றான். இதுவே அச்சமூகத்தின் மெய்யான பாடசாலை எனலாம்.

கல்வி வழக்கு

நிற்க. இப்பாடசாலைக்கும் அரசின் பாடசாலைக்கும் இடையே எழுந்த பிணக்கு 20ஆம் நூற்றாண்டு அமெரிக்க வரலாற்றில் ஒரு முக்கிய அத்தியாயமாகும். கிராமத்து ஓரறைப் பாடசாலைகள் நிலவியவரை ஆமிஷ் பிள்ளைகள் பிற பிள்ளைகளோடு சேர்ந்தே படித்தனர். சிறு பாடசாலைகளை ஒன்றிணைத்துத் தூரத்தே பெரும் பாடசாலைகள் அமைக்கும் கொள்கை பரவியபோதும், கட்டாயக் கல்வியின் வயதெல்லை உயர்த்தப்பட்டபோதும் அவர்கள் எதிர்த்தனர். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றை எட்டாம் வகுப்புவரை கற்றல் போதும். அதன்மேற்பட்ட கல்வி போட்டியையும் தற்பெருமையையும் ஊட்டி, பிள்ளையை நிலத்தினின்றும் பிரிக்கும் என்பது அவர்தம் வாதம். 1950ஆம் ஆண்டுகளிற் பென்சில்வேனியாவில் தந்தையர் பலர் சிறை சென்றனர். 1965 நவெம்பரில் ஐயோவா மாநிலத்தில் அதிகாரிகள் ஆமிஷ் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்ற வந்தபோது, அவர்கள் சோள வயலுக்குள் ஓடிய காட்சி நிழற்படமாக நாடெங்கும் பரவியது.

1968இல் விஸ்கொன்சின் மாநிலத்தில் யோனாஸ் யோடர் முதலிய மூன்று தந்தையருக்குத் தலா ஐந்து டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. ஆமிஷ் மக்கள் வழக்காடுவதை விரும்பாதவர். ஆகவே, லூதரன் போதகர் ஒருவர் முன்னின்று அமைத்த குழுவொன்று அவர்களுக்காக வழக்கை நடத்தியது. 1972 மே 15ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம், எட்டாம் வகுப்பின்பின் பிள்ளைகளை அனுப்புமாறு வற்புறுத்துதல் அவர்தம் சமயச் சுதந்திரத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய பிரதம நீதியரசர் வாறன் பேகர், மூன்று நூற்றாண்டுகளாக உழைத்து வாழ்ந்து அரசுக்குச் சுமையாகாத ஒரு சமூகத்தின் சான்றை முதன்மையாகக் கொண்டார். நீதியரசர் வில்லியம் டக்ளஸ் ஒருபகுதியில் மாறுபட்டார். பெற்றோரின் உரிமை பேசப்பட்டது. பியானோ வாசிப்பவனாகவோ விண்வெளி வீரனாகவோ ஆக விழையும் பிள்ளை ஒன்று இருப்பின் அதன் விருப்பத்தை வினாவியவர் யார் என்பது அவர் எழுப்பிய ஐயம்.

இத்தீர்ப்பின் வழியே ஆமிஷ் ஓரறைப் பாடசாலைகள் பெருகின. எட்டு வகுப்புக்களும் ஒரே அறையில், முப்பதளவான பிள்ளைகளோடு, பெரும்பாலும் மணமாகாத இளம்பெண் ஒருவரின் கீழ் நடைபெறும். அவ்வாசிரியையும் எட்டாம் வகுப்பளவே கற்றவர். மூத்த பிள்ளைகள் இளையோருக்குப் பாடஞ் சொல்லுதல் அங்கே இயல்பு. எழுத்தறிவின்மை அங்கில்லை, கைத்தொழில் நடத்தும் திறமைக்கும் குறைவில்லை. எனினும், மருத்துவமோ பொறியியலோ பயில விழையும் பிள்ளைக்கு அச்சமூகத்தினுள் வழியில்லை. இக்குறையை இலேசாக மதித்தலாகாது. பிள்ளையின் அறிவு எங்கு சென்று முட்டும் என்பதை முன்கூட்டியே வரையறுப்பது பெரியதொரு முடிவாகும்.

அதே வேளை, 1525இன் கொள்கையையும் ஈண்டு நினைத்தல் தகும். ஆமிஷ் குடும்பத்திற் பிறந்தவன் பிறப்பினால் ஆமிஷ் சபையாளன் ஆவதில்லை. பதினாறு வயதளவில் றும்ஸ்பிறிங்கா எனப்படும் தளர்ந்த பருவம் ஒன்று தொடங்கும். அப்பொழுது இளையோர்மீது பெற்றோரின் கட்டுப்பாடு நெகிழும். அதன்பின் அவர்கள் ஞானஸ்நானம் பெற்று ஒழுங்கை ஏற்கலாம். விடுத்துச் செல்லவும் செய்யலாம். ஞானஸ்நானம் பெறாது செல்பவர் விலக்கப்படுவதில்லை. வாக்களித்தபின் மீறுபவருக்கே விலக்கு. அவ்விலக்கோ தாயையும் மகனையும் ஒரு மேசையில் உண்ணவிடாத கடுமையுடையது. பிள்ளைகளுட் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் ஞானஸ்நானம் பெற்றுச் சபையிற் சேர்கின்றனர். அவர்கள் தெளிந்து சேர்கின்றனரா, வேறு வாழ்வுக்கு வேண்டிய கல்வி இன்மையாற் சேர்கின்றனரா? டக்ளஸ் எழுப்பிய ஐயமும் கிறீபல் எழுப்பிய ஐயமும் அடிப்படையில் ஒன்றே. பெற்றோரின் நம்பிக்கையைப் பிள்ளைக்கு எவ்வளவு தூரம் உரிமையாக்கலாம் என்பதே அது.

இற்றைநாள்

2006 ஒக்ரோபர் 2ஆம் நாள் லங்காஸ்ரர் மாவட்டத்து நிக்கல் மைன்ஸ் என்னுமிடத்தில் ஓரறைப் பாடசாலையுட் புகுந்த ஒருவன் பத்துச் சிறுமியரைச் சுட்டான். ஐவர் மாண்டனர், அவனும் தன்னைச் சுட்டு மாண்டான். மாண்டவனின் மனைவி மக்களிடம் ஆமிஷ் அயலார் சென்று தாம் மன்னித்ததைத் தெரிவித்தனர். அவனுடைய அடக்கத்துக்கும் சென்றனர். உலகம் வியந்தது. டேர்க் வில்லெம்ஸின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்தோருக்கு அது புதிய செய்கையன்று. பாடசாலைக் கட்டடத்தைப் பத்து நாட்களுள் இடித்துப் புல் விதைத்தனர். புதிய பாடசாலை அடுத்த ஆண்டு ஏப்பிரலில் அருகிலேயே திறக்கப்பட்டது.

ஆயினும், இம்மரபுக்கு இன்று நேர்ந்துள்ள பெருஞ்சோதனை பகைவரால் வந்ததன்று. நிலத்தின் விலையால் வந்தது. குடும்பத்துக்கு ஆறேழு பிள்ளைகள்; நிலமோ பெருகுவதில்லை. பெரும்பாலான ஆமிஷ் குடும்பங்கள் இன்று கமத்தை மட்டும் நம்பி வாழவில்லை. மரவேலை, தளபாடம் செய்தல், கட்டட வேலை, சிறு கடைகள் ஆகியனவே தொழில்களாகியுள்ளன. வேறு நிலந்தேடிப் புதிய மாநிலங்களுக்குச் சென்று குடியேறுவோரும் உளர். காலையில் உணவுப் பெட்டியோடு வெளியே சென்று மாலையில் மீளும் தந்தையின் பிள்ளை, பாத்தியினருகேயும் கொட்டிலினுள்ளேயும் கற்றவற்றை எங்கே கற்கும் என்பது அவர்தம் மூப்பரையே வருத்தும் வினாவாகும். உயர்கல்வியை மறுத்ததற்கு அவர்கள் காட்டிய நியாயம் கமமே மேலான பாடசாலை என்பது. அப்பாடசாலை சுருங்கும்போது அந்நியாயமும் சோதனைக்குள்ளாகின்றது.

இச்சோதனைக்கு அவர்கள் எவ்விடை காண்பர் என முன்கூட்டிச் சொல்லுதல் வரலாற்றாசிரியனின் தொழிலன்று. தொலைபேசிக்கும் உழவு இயந்திரத்துக்கும் பாற்றொட்டிக்கும் விடை கண்ட முறை ஒன்று அவர்களிடம் உண்டு. அஃது ஒரு தலைவனின் ஆணையாலும் ஒரு நாளின் அவசரத்தாலும் ஆவதன்று. விதைப்பின் முன் ஒருமுறையும் அறுவடையின் பின் ஒருமுறையுமாக, ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வோர் உறுப்பினரும் இந்த ஒழுங்கோடு நீ இன்னும் உடன்படுகின்றாயா என வினாவப்படுகின்றனர். சூரிச் நகரின் ஒரு வீட்டில் முதன்முதல் எழுந்த வினாவும் ஏறக்குறைய இதுவே. அவ்வினாவை மெய்யாகவே கேட்டு, விடையை மெய்யாகவே செவிமடுக்கும்வரை அச்சமூகம் நிலைபெறும் எனக் கருத இடமுண்டு.